குறுக்கீடுகளும் பிழை எண்களும்: பாடாங் செராய் லினக்ஸ் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடாங் செராயில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் லினக்ஸ் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஷிப்டு வேலை செய்பவர்கள். மற்றவர்கள் சுற்றியுள்ள தோட்டங்களிலும் செம்பனை ஆலைகளிலும் கருவிகளைப் பராமரிப்பவர்கள். சொந்தமாக ஒரு சாதன இயக்கியை, அதாவது வன்பொருளை ஓட்டும் நிரலை, எழுதத் தொடங்கியதும் அனைவரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஐயங்களைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களை வகுப்பில் உச்சரிக்கும் விதமாகவே எழுதியுள்ளேன். வேறு பெயர் குறிப்பிடாத இடங்களில் பேசப்படுவது லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி.

"குறுக்கீடு வந்தால் வேலை நடக்கிறது, வராவிட்டால் நடப்பதில்லை. இதில் பிழை எண்ணுக்கு என்ன வேலை, சார்?"

வகுப்பில் நாம் ராஸ்பெரி பை பலகையோடு இணைத்த மழைமானியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சிறு வாளி நிரம்பிக் கவிழும்போதெல்லாம் ஒரு சுவிட்சு மூடித் திறக்கிறது. அந்தச் சமிக்ஞை கிடைத்ததும் செயலி தன் கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு, நாம் எழுதிய கையாளியை ஓட்டுகிறது. இதுவே குறுக்கீடு. ஆனால் அந்த நிலையை எட்டுவதற்கு முன் இயக்கி இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். தன் சாதனத்துக்கு உரிய குறுக்கீட்டு எண் எது என்று கெர்னலிடம் கேட்டறிய வேண்டும். பிறகு, அந்த எண்ணில் சமிக்ஞை வந்தால் தன் கையாளியை அழைக்கும்படி பதிவு செய்ய வேண்டும். முதலாவதற்குப் பெரும்பாலும் பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ, இரண்டாவதற்கு ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ.

இவ்விரண்டும் தோற்கலாம். ஏன் தோற்றன என்பதைச் சொல்வதே பிழை எண்ணின் வேலை. மூன்றாவதாக, ஒவ்வொரு முறை சமிக்ஞை வரும்போதும் கையாளி கெர்னலுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் பிழை எண் அன்று, அதற்குத் தனி மரபு இருக்கிறது. கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, இம்மூன்று இடங்களில் ஓர் இடத்தின் மரபை இன்னோர் இடத்தில் புழங்குவதால் வருபவை.

"பிழை எண்ணுக்கு முன்னால் ஏன் கழித்தல் குறி?"

சி மொழியில் ஒரு செயற்கூறு ஒரே ஒரு மதிப்பைத்தான் திருப்பித் தர முடியும். கிடைத்த குறுக்கீட்டு எண்ணையும் கிடைக்காத காரணத்தையும் அந்த ஒரே மதிப்பில் அடக்க வேண்டியிருப்பதால், நேர்ம எண் என்றால் விடை, எதிர்ம எண் என்றால் காரணம் என்று கெர்னலில் வழக்கம் ஏற்பட்டது. பயனர் நிரல்களில் −1 வந்த பிறகு 'எர்னோ' என்ற மாறியைப் பார்ப்பீர்கள். கெர்னலுக்குள் அப்படியொரு மாறி கிடையாது, காரணமே நேராகத் திரும்பி வருகிறது. சுட்டிகளை, அதாவது நினைவக முகவரிகளை, திருப்பும் செயற்கூறுகளுக்காக முகவரி வரம்பின் கடைசி 4095 இடங்கள் பிழை எண்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

"சைபர் வந்தால் அது வெற்றியா, தோல்வியா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்."

ஒவ்வொருவரும் சொல்வது சரிதான். அவர்கள் வெவ்வேறு செயற்கூறுகளைப் பற்றிச் சொல்கிறார்கள். ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ சுழியத்தைத் திருப்பினால் பதிவு வெற்றி. ஐஆர்க்யூ_ஆஃப்_பார்ஸ்_அண்ட்_மேப் சுழியத்தைத் திருப்பினால் எண் கிடைக்கவில்லை, தோல்வி. பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ சுழியத்தைத் திருப்பவே கூடாது. எங்கிருந்தாவது சுழியம் வந்து சேர்ந்தால் இப்போதைய கெர்னல் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டு, அதை −22 என்ற பிழை எண்ணாக மாற்றித் தருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய பீசீக்களில் சுழியம் என்ற எண் கடிகாரச் சில்லுக்கு உரியதாக இருந்தது. ஆகவே அது உண்மையான ஒரு குறுக்கீடு. எண் இல்லை என்பதைக் குறிக்கச் சில செயலிக் கட்டமைப்புகள் −1 ஐயும், வேறு சில சுழியத்தையும் பயன்படுத்தின. சுழியம் என்றால் குறுக்கீடு இல்லை என்பதே பொது விதி என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்த்துச் சொல்லிவிட்டார். அந்தக் கடிகாரத்தைச் செயலிக் கட்டமைப்புக்குரிய நிரலே நேரடியாகக் கையாளுவதால், எந்த இயக்கியும் சுழியத்தைக் கேட்டு வரத் தேவையில்லை. விதி எளிது, அதற்கேற்பப் பழைய செயற்கூறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலைதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய பிழை இதுதான்: எண் சுழியத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அந்த எண்ணையே திருப்பிவிடு என்று பலர் எழுதுகிறார்கள். பார்வைக்கு எச்சரிக்கையாகத் தெரியும். ஆனால் அங்கே சுழியம் வந்தால், இயக்கியின் தொடக்கச் செயற்கூறும் சுழியத்தைத் திருப்புகிறது. அதை அழைத்த கெர்னலுக்கு அது வெற்றி. சாதனம் பட்டியலில் ஏறிவிடும், குறுக்கீடு மட்டும் ஒருநாளும் வராது.

"எதிர்ம எண்ணா என்று நான் சோதிக்கத்தான் செய்தேன். அப்படியும் பிழை நழுவிவிட்டதே?"

மாறியை எந்த வகையில் அறிவித்தீர்கள் என்று பாருங்கள். குறி இல்லாத முழுஎண்ணாக அறிவித்திருந்தால் அதில் எதிர்ம எண் தங்காது. −6 என்பது நானூறு கோடிக்கு மேற்பட்ட ஒரு நேர்ம எண்ணாகிவிடும், சோதனை எப்போதும் பொய்யாகும். ஸ்ட்ரக்ட் மாறி ஒன்றின் உறுப்பில் நேரடியாக வாங்கி வைப்பவர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். முதலில் குறியுள்ள ஒரு தற்காலிக மாறியில் வாங்கி, சோதித்த பிறகு மாற்றி வையுங்கள்.

"எல்லாத் தோல்விக்கும் −22 போட்டால் போதாதா? எப்படியும் சாதனம் ஓடப் போவதில்லை."

சாதனம் ஓடாது, ஆனால் ஏன் ஓடவில்லை என்று தேடப் போகிறவர் ஒருவர் இருக்கிறார், பல சமயம் அது அடுத்த மாதத்து நீங்கள்தான். −22, அதாவது ஈஇன்வால், "நீ கேட்ட விதமே தவறு" என்று சொல்கிறது. பகிரப்படும் குறுக்கீட்டைக் கேட்டுவிட்டு அடையாளச் சுட்டியைக் கொடுக்காமல் விட்டாலும், முதன்மைக் கையாளி இல்லாமல் தனி இழையில் ஓடும் கையாளியை மட்டும் கொடுத்து, அது முடியும் வரை கம்பியை அடைத்துவைக்கும் ஒன்ஷாட் கொடியை மறந்தாலும், இல்லாத எண்ணைக் கேட்டாலும் இதுவே வரும். மூன்றும் நிரலாளர் செய்த தவறுகள், நிரலைத் திருத்தித்தான் தீரும்.

−6, ஈஎன்எக்ஸ்ஐஓ, அந்தச் சாதனத்துக்குக் குறுக்கீடு எதுவும் குறிக்கப்படவில்லை என்கிறது. அப்போது பார்க்க வேண்டியது வன்பொருள் விவரக் கோப்பு. −16, ஈபிஸி, குறுக்கீட்டுக் கம்பியை வேறோர் இயக்கி பிடித்திருக்கிறது. −12 நினைவகம் போதவில்லை. −38, ஈநோசிஸ், அந்த எண்ணுக்குப் பின்னால் கட்டுப்படுத்தும் சில்லு எதுவும் இணைக்கப்படவில்லை. −107, ஈநாட்கான், எண் என்னவோ இருக்கிறது, ஆனால் அந்தக் கம்பி பலகையில் எங்கும் இணைக்கப்படவில்லை என்று கெர்னல் முன்பே குறித்து வைத்திருக்கிறது. பிசிஐ சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் பல குறுக்கீடுகளைக் கேட்கும்போது, நீங்கள் சொன்ன குறைந்தபட்ச எண்ணிக்கைகூடக் கிடைக்காவிட்டால் −28 வரலாம்.

இத்தனை எண்களையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கீழிருந்து வந்த எண்ணை அப்படியே மேலே அனுப்புங்கள். அதைவிடச் சிறந்த எண்ணை நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் சந்தர்ப்பம் மிக அரிது.

"−517 என்று ஓர் எண் வருகிறது. எர்னோ பட்டியலில் அப்படி ஒன்றே இல்லையே, ஐயா?"

அது ஈப்ரோப்_டிஃபர். கெர்னலுக்குள் மட்டுமே புழங்கும் எண் என்பதால் பயனர் நிரல்களின் பட்டியலில் இருக்காது. 2012இல் 3.4 பதிப்போடு வந்தது. பொருள் தோல்வி அன்று. "எனக்குத் தேவையான இன்னொருவர் இன்னும் வந்து சேரவில்லை, பிறகு என்னை மறுபடி கூப்பிடு" என்பதே. உங்கள் சாதனத்தின் குறுக்கீடு வேறொரு சில்லின் வழியாக வருகிறது என்றால், அந்தச் சில்லின் இயக்கி முதலில் ஏற வேண்டும். ஏறும் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே கெர்னல் உங்கள் சாதனத்தை ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டுவைத்து, புதிதாக வேறு சாதனங்கள் ஏறும்போதெல்லாம் மறுபடி முயல்கிறது.

இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வட்டாரத்து ஆலை ஒன்றில் லாரி எடைமேடையின் அளவீட்டை வாங்கும் சிறு பலகை, காலையில் மின்சாரம் கொடுத்ததும் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. இடி மின்னலில் கெட்டுவிட்டது என்று மின்வழங்கியை இருமுறை மாற்றினார்கள். செம்பனைக் குலைகளை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேகவைத்துவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலத்தன்மை ஏறிவிடும். ஆகையால் குலை லாரிகள் வாசலில் நிற்க நிற்க எல்லாருக்கும் படபடப்பு. கெர்னல் செய்திகளை எழுதும் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. இயக்கியைத் திறந்து பார்த்தால், குறுக்கீட்டு எண் கிடைக்காவிட்டால் −19 ஐத் திருப்பு என்று எழுதியிருந்தது. கீழிருந்து வந்த −517 ஐ இயக்கி விழுங்கிவிட்டு −19, அதாவது ஈநோடெவ், என்று மேலே சொல்லியிருக்கிறது. "பிறகு வருகிறேன்" என்பது "அப்படி ஒரு சாதனமே இல்லை" என்று ஆகிவிட்டது. கெர்னலும் அத்தோடு அதை மறந்துவிட்டது.

பதிவேடு ஏன் மௌனமாக இருந்தது என்பதும் இந்த எண்ணால்தான். தொடக்கச் செயற்கூறு −19 அல்லது −6 ஐத் திருப்பினால், இந்த இயக்கிக்கும் இந்தச் சாதனத்துக்கும் பொருத்தமில்லை போலும் என்று கெர்னல் எடுத்துக்கொண்டு, வழக்கமான நிலையில் எதையும் அச்சிடாது. −22 போன்ற மற்ற எண்களுக்குத்தான் தோல்விச் செய்தி வரும். நாங்கள் செய்த திருத்தம் ஒரே ஒரு வரி: வந்த எண்ணையே திருப்பு.

"அப்படியானால் பிழைச் செய்தியை நானே அச்சிட்டுவிடலாமே?"

குறுக்கீட்டு எண் கேட்கும் இடத்தில் தேவையில்லை. 2019இல் வெளிவந்த 5.4 பதிப்பிலிருந்து பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ தானே செய்தியை அச்சிடுகிறது. அதன் பிறகு பல இயக்கிகளிலிருந்து அதே பொருளுடைய வரிகள் நீக்கப்பட்டன. பிற இடங்களில் டெவ்_எர்_ப்ரோப் என்ற செயற்கூறைப் பயன்படுத்துங்கள். அது செய்தியோடு பிழை எண்ணையும் சேர்த்து அச்சிடும். −517 ஆக இருந்தால் பதிவேட்டை நிரப்பாமல், காத்திருப்புக்கான காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அந்தக் காரணத்தை, பிழை தேடுவதற்கான டீபக்எஃப்எஸ் கோப்புறையில் 'டிவைசஸ்_டிஃபர்டு' என்ற கோப்பில் படிக்கலாம். முன் கேள்வியில் சொன்ன ஆலைப் பலகையை அந்தக் கோப்பில் தேடினோம். அதில் இல்லை என்பதே எங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு.

"என் சாதனம் குறுக்கீடு இல்லாமலும் ஓடும். இல்லாவிட்டால் பேசாமல் விட்டுவிடச் சொல்ல முடியுமா?"

முடியும். பிளாட்ஃபார்ம்_கெட்_ஐஆர்க்யூ என்ற பெயரின் இறுதியில் 'ஆப்ஷனல்' என்று சேர்ந்து வரும் வடிவம் அதற்கானது; அது செய்தி அச்சிடாது. ஆனால் எல்லா எதிர்ம எண்ணையும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். −6 மட்டுமே குறுக்கீடு இல்லை என்று பொருள்படும். அப்போது இடைவெளி விட்டு விட்டுக் கேட்டறியும் முறைக்கு மாறுங்கள். வேறு எந்த எண் வந்தாலும், குறிப்பாக −517 வந்தால், அதை மேலே அனுப்பியே ஆக வேண்டும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கடிகாரச் சமிக்ஞைக்கும் ஜீபிஐஓ எனப்படும் பொதுப்பயன் முனைகளுக்கும் இதே 'ஆப்ஷனல்' வடிவங்கள் இருக்கின்றன. அவை இல்லை என்பதைப் பிழையாகச் சொல்லாமல் வெற்றுச் சுட்டியைத் தருகின்றன. குறுக்கீட்டுக்கும் அவ்வாறே சுழியம் தரலாம் என்று கெர்னல் நிரலாளர்கள் நெடுநாள் வாதிட்டார்கள், ஏற்கப்படவில்லை. ஒரே பின்னொட்டு இரண்டு விதமாக நடந்துகொள்வது கற்பிப்பவனுக்குத் தலைவலி. இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

"−16 வருகிறது. கம்பியைப் பிடித்திருப்பவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

ப்ராக் கோப்புறையில் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதைப் பதிவு செய்தவரின் பெயர் இருக்கும். பகிர்ந்துகொள்ள இருவரும் ஒப்ப வேண்டும். ஒருவர் பகிர்வுக் கொடியோடும் மற்றவர் அது இல்லாமலும் கேட்டால் இரண்டாவதாக வந்தவருக்கு −16. இருவரும் கொடி வைத்திருந்தும், ஒருவர் சமிக்ஞை ஏறும் விளிம்பையும் மற்றவர் இறங்கும் விளிம்பையும் கேட்டால் அப்போதும் அதேதான். கொடிகள் பொருந்தவில்லை என்ற செய்தியும் பதிவேட்டில் இருக்கும், அதில் இரு பெயர்களும் காணப்படும்.

"கையாளி ஓடும்போது சாதனத்தைப் படிக்க முடியவில்லை. −5 ஐத் திருப்பலாமா?"

கூடாது. முதல் கேள்வியில் சொன்ன மூன்றாவது இடம் இது. இங்கே செல்லும் பதில்கள் மூன்றே. ஐஆர்க்யூ_நன், மதிப்பு 0: இது என் சாதனத்தின் அழைப்பு அன்று. ஐஆர்க்யூ_ஹேண்டில்டு, மதிப்பு 1: என்னுடையது, கவனித்துவிட்டேன். ஐஆர்க்யூ_வேக்_த்ரெட், மதிப்பு 2: என்னுடையது, மீதியை என் இழை பார்த்துக்கொள்ளும். இவற்றுக்கு அப்பாற்பட்ட எதைத் திருப்பினாலும், பொருளற்ற மதிப்பு என்று கெர்னல் பதிவேட்டில் எழுதும். மூன்றாம் கேள்வியில் பார்த்த சுழியம் இங்கே நான்காவதாக ஒரு பொருளை ஏற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டை, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பை, உதாரணமாகச் சொல்வேன். விடியுமுன் பெயர் வாசிக்கும் கிராணிக்கு வேண்டியது ஆள் வந்திருக்கிறதா என்ற ஒரே பதில். காய்ச்சலின் கதையைத் தோட்டத்து மருந்தகத்தில் டிரசரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். அதுபோல, சாதனத்தைப் படிக்க முடியாத விவரத்தை இயக்கியின் சொந்த அமைப்பில் குறித்து வைத்து, பின்னர் பயனர் நிரல் தரவு கேட்டு வரும்போது அங்கே −5 ஐத் திருப்புங்கள்.

"வம்பே வேண்டாமென்று எப்போதும் 'ஹேண்டில்டு' என்றே திருப்பிவிட்டால்?"

வம்பு அப்போதுதான் தொடங்கும். யாருமே உரிமை கோராத சமிக்ஞைகளைக் கெர்னல் எண்ணிக்கொண்டே வருகிறது. ஒரு கம்பியில் 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கும் மேற்பட்டவற்றை எவரும் ஏற்காவிட்டால், 'நோபடி கேர்டு' என்ற செய்தியோடு அந்தக் கம்பியை முடக்கிவிடுகிறது. பழுதான சாதனம் ஒன்று ஓயாமல் கூவிக்கொண்டிருந்தால் செயலி முழுவதும் அதிலேயே கரைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. நீங்கள் பொய்யாக ஏற்றுக்கொண்டே இருந்தால் அந்தக் காவல் செயலற்றுப் போகும். இயந்திரம் எந்தச் செய்தியும் இன்றி உறைந்து நிற்கும். சாதனத்தின் நிலைப் பதிவகத்தைப் படித்து, உங்களுடையது இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அந்தக் கணக்கை ஒவ்வொரு எண்ணுக்கும் ப்ராக் கோப்புறையில் 'ஸ்பூரியஸ்' என்ற கோப்பில் பார்க்கலாம்.

"ஈஇன்டர் என்பதில் இன்டரப்ட் இருக்கிறதே. −4 வந்தால் குறுக்கீட்டில் கோளாறா?"

இல்லை. அங்கே குறுக்கிட்டது சாதனம் அன்று; செயல்முறைக்கு வந்த ஒரு சிக்னல், எடுத்துக்காட்டாக யாரோ கன்ட்ரோல்-சீ அழுத்தியது. உங்கள் இயக்கி மழைமானியின் அடுத்த கவிழ்ப்புக்காகக் காத்திருக்கும்போது அப்படி நேர்ந்தால், காத்திருப்புச் செயற்கூறு −512 ஐத் தரும். அதையும் அப்படியே மேலே அனுப்புங்கள். காத்திருப்பை மறுபடி தொடங்குவதா, பயனருக்கு −4 என்று சொல்வதா என்பதைக் கெர்னல் தீர்மானிக்கும்.

"விண்டோஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் இதே எண்கள்தானா?"

ஃப்ரீபிஎஸ்டியில் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றே, ஆனால் கெர்னலுக்குள்ளும் நேர்ம எண்ணாகவே திருப்புவார்கள். எண்களும் எல்லாம் ஒத்துப்போகா: ஈஅகெய்ன் லினக்ஸில் 11, அங்கே 35. எனவே நிரலில் எண்ணை எழுதாமல் பெயரையே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எண்களைச் சொல்வது பதிவேட்டைப் படிப்பதற்கு மட்டுமே. விண்டோஸில் கையாளி உண்மை அல்லது பொய் என்று மட்டும் பதில் சொல்லும். பதிவு செய்யும் செயற்கூறுகள் என்டிஸ்டேட்டஸ் என்ற வேறு வகை எண்ணைத் தரும். டிவைஸ் மேனேஜரில் நீங்கள் பார்க்கும் கோட் 12, சாதனத்துக்குப் போதிய வளங்கள் கிடைக்கவில்லை என்கிறது. அந்த வளங்களில் குறுக்கீடும் ஒன்று.

"பழைய செயற்கூறு தவறான எண்ணைத் தருகிறது என்று தெரிகிறது. நேரே திருத்திவிடலாமா?"

அழைப்பவர்களைப் பார்க்காமல் கூடாது. எஃப்டபிள்யூநோட்_ஐஆர்க்யூ_கெட் என்ற செயற்கூறு சில தோல்விகளில் சுழியத்தைத் திருப்பிவந்தது. 2023இல் அதை −22 ஆகத் திருத்தினார்கள். நேர்ம எண்ணா என்று சோதித்தவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. எதிர்ம எண்ணா என்று மட்டும் சோதித்தவர்களுக்கு அதுவரை மறைந்திருந்த தோல்வி வெளியே தெரிந்தது. சுழியமா என்று மட்டும் சோதித்த நிரல் எங்காவது இருந்தால் அது அன்றிலிருந்து தவறாகிவிடும். ஆகவே முதலில் அழைப்பவர்கள் அனைவரையும் தேடி, இரு வழக்கத்தையும் தாங்கும்படி எழுதிவிட்டு, கடைசியாகச் செயற்கூறைத் தொடுங்கள். பயனர் நிரலுக்கு எட்டும் எண்ணாக இருந்தால் இன்னும் நிதானம் தேவை. அந்த எண்ணை நம்பி யார் எதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று உங்களால் தேடிப் பார்க்க முடியாது.

"ஃப்ரீ_ஐஆர்க்யூ மட்டும் ஏன் பிழை எண் தருவதில்லை?"

விடுவிக்க முடியவில்லை என்று அது சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சாதனம் பிடுங்கப்பட்டாயிற்று, இயக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது, திரும்பிப் போக இடமில்லை. அதனால்தான் அது பிழை எண் தருவதில்லை; ஏற்கெனவே விடுவித்ததை மறுபடி விடுவிக்க முயன்றால் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதும். ஓடிக்கொண்டிருக்கும் கையாளி முடியும் வரை அது காத்திருக்கும் என்பதால், கையாளிக்குள்ளிருந்து அதை அழைக்காதீர்கள். தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' வடிவத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும்: உங்கள் நீக்கச் செயற்கூறு முடிந்த பிறகே குறுக்கீடு விடுவிக்கப்படும். நடுவில் வாளி ஒருமுறை கவிழ்ந்தால், நீங்கள் ஏற்கெனவே விடுவித்துவிட்ட நினைவகத்தைக் கையாளி தொடும்.